ஓரத்தில் நின்ற அரக்குப் புடவை

கார்குழலி ஒரு நாளைக்கு நூறு புடவையாவது பிரித்துப் போடுவாள். நேரு வீதியில் இருந்த அந்த ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில், வெள்ளை மெத்தை விரித்த மேடையில் நின்றுகொண்டு பிரிப்பதும் மடிப்பதுமாக அவளுக்குப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. வருகிறவர்கள் புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்பார்கள். கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்புவார்கள். முன்பெல்லாம் "சாயம் போவுமா?" என்று கேட்பார்கள். இப்போது அந்தக் கேள்வியையே யாரும் கேட்பதில்லை. "இதே கலர்ல முப்பது கெடைக்குமா?" என்பதுதான் கேள்வி.

வீட்டில் ஒரு விசேஷம் என்றால் சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில், ஒரே கரையில் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும். செட் புடவை. போட்டோ எடுத்த மறுநாள் அதைப் பீரோவில் வைத்தால் வைத்ததுதான். அடுத்த விசேஷத்துக்கு அடுத்த நிறம். சாயம் போனால் என்ன, போகாவிட்டால் என்ன?

கார்குழலி மாத்திரம் இதற்கு விலக்கா? கடையில் அவளுக்கு நீலத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று என்று இரண்டே யூனிஃபார்ம் புடவைகள். ஐந்து வருஷமாக அதையேதான் துவைத்துத் துவைத்துக் கட்டினாள். அங்கே அவளுக்கு வெட்கம் இல்லை. ஆனால் சொந்தத்தில் ஒரு காதுகுத்து என்றால் போதும், போன விசேஷத்தில் கட்டியதை இந்த விசேஷத்தில் கட்ட உடம்பு கூசும். "போட்டோவுல தெரிஞ்சுடும்" என்பாள் கணவனிடம். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த இராமதாஸ், "தெரிஞ்சா போலீஸ் வந்து புடிச்சிக்கினு போயிடுமா?" என்று கேட்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவான்.

மகள் சுடர்விழி பெரியவளானபோது, மஞ்சள் நீராட்டுக்கு மயில்கழுத்து நிறத்தில் செட் புடவை தேர்ந்தெடுத்தவள் கார்குழலிதான். கடையிலிருந்தே போட்டோ எடுத்து, 'நம்ம குடும்பம்' வாட்ஸப் குரூப்பில் போட்டாள். இராமதாஸின் தங்கை சத்யப்பிரியா அடுத்த நிமிஷமே "சூப்பர் அண்ணி! எனக்கு ஒண்ணு எடுத்து வெச்சுடுங்க" என்று குரல்பதிவு அனுப்பினாள். மற்றவர்கள் இதயம் இதயமாகப் போட்டார்கள். மூத்த ஓரகத்தி அங்கம்மாளிடமிருந்து மட்டும் இரண்டு கை கூப்பிய படம் வந்தது. சரி என்று அர்த்தமா, வேண்டாம் என்று அர்த்தமா, தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புடவையைக் கையில் எடுத்துக்கொண்டே கார்குழலி முதலியார்பேட்டையில் இருந்த அங்கம்மாள் வீட்டுக்குப் போனாள்.

அங்கம்மாளின் கணவர் ராஜாங்கம், இராமதாஸுக்கு அண்ணன். மில்லில் தறி ஓட்டியவர். மில்லை மூடிய பிறகு ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். அங்கம்மாள் சுய்ப்ரேன் வீதியில் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் சமையலும் துணி வேலையும் பார்த்தாள். ஒரே மகன் ஆகாஷ் துபாயில் இருந்தான்.

"வா கொழலி. வெயில்ல வந்துக்கினு இருக்க. தண்ணி குடி மொதல்ல" என்றாள் அங்கம்மாள்.

கார்குழலி பையைப் பிரித்தாள். "இது உங்களுக்குக்கா. நானே எடுத்தேன். பிளவுஸ் மட்டும் தெச்சுக்குங்க."

அங்கம்மாள் புடவையை மடியில் வைத்து, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். மில்காரர் பெண்டாட்டியல்லவா, துணியைத் தொட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிடும். "நல்லாத்தான் இருக்குது. ஆனா எனக்கு எதுக்குடி? சுடருக்கு நலுங்கு வெக்க நான் அந்த அரக்குப் பொடவையதான் கட்டிக்கினு வரலாம்னு இருந்தேன்."

"அக்கா, அந்த அரக்கா? அத ஆகாஷ் காதுகுத்துல இருந்து கட்டறீங்க."

"ஆமா. அவன் காதுகுத்துக்கு எடுத்தது. உங்க மாமாவுக்கு மில்லுல போனஸ் வந்த வருஷம். ஆரணிக்கே போய் எடுத்தாரு." அங்கம்மாள் எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ஒரு பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த புடவையைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்தாள். "அம்மாவாசைக்கு அம்மாவாசை எடுத்து, நெழல்ல காத்தாட விட்டு, மடிப்ப மாத்தி மடிப்பேன். ஒரே மடிப்புல கெடந்தா பட்டு விட்டுடும். இங்க பாரு, எலி கடிச்ச எடம். தெரியுதா?"

கார்குழலிக்குத் தெரியவில்லை.

"தெரியாது. முந்தானைக் குஞ்சத்துலேந்து இழை உருவி அதாலயே பின்னினேன். அதே நூலு, அதே சாயம். எப்பிடித் தெரியும்?" அங்கம்மாள் சிரித்தாள். "மதாம் வீட்டுல ஒரு கோட்டு இருக்குது. அவங்க அம்மா போட்டதாம். வயசு என்னைய விட ஜாஸ்தி. பார்ட்டின்னா அததான் எடுத்து மாட்டிக்குது. வர்றவங்க எல்லாம் தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க. அந்தத் தெருவுல ஒரு கடையில நம்ம பழைய பொடவைய வெட்டிப் பாவாட தெச்சு விக்கறான், வெளியூர்ப் பொண்ணுங்க ஆசையா வாங்குதுங்க. கால்வாய்க்கு அந்தாண்ட, வெள்ளக்காரங்க தெருவுல, பழசுன்னா பெரும. இந்தாண்ட, நம்ம பக்கம், பழசுன்னா கேவலம். நடுவுல ஒரு கால்வாதான்."

கார்குழலிக்கு அது ரசிக்கவில்லை. தான் ஆசையாக எடுத்து வந்ததை ஒதுக்குகிறாளே என்று மனசு சுருங்கியது. "உங்க இஷ்டம்க்கா" என்றாள். குரலில் இருந்த வீம்பு அவளுக்கே கேட்டது.

"கோச்சுக்காத. ஒரு நாளைக்குக் கட்ட ஒரு பொடவையா? எனக்கு மனசு வரல. இத வேற யாருக்காவது குடு" என்று அங்கம்மாள் மயில்கழுத்துப் புடவையைத் திரும்பப் பையில் வைத்தாள். கார்குழலி அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

விசேஷத்தன்று மண்டபமே மயிலாகிவிட்டது. மேடையில் சுடர்விழியைச் சுற்றி இருபது பெண்கள் ஒரே நிறத்தில் நின்றார்கள். நடுவில், சுடரின் தோளில் கை போட்டபடி, அரக்கு நிறத்தில் அங்கம்மாள். முதலில் நலுங்கு வைத்தவள் அவள்தான். கன்னத்தில் சந்தனம் தடவும்போது சுடரின் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்திருந்தாள்.

போட்டோகிராபர் ஒரு படம் எடுத்தார். கேமராவைப் பார்த்தார். முகம் சுளித்தார். "அந்த மெரூன் அக்கா மட்டும் கொஞ்சம் வெளிய வாங்களேன். பிரேம்ல தனியாத் தெரியுது."

எல்லாரும் கார்குழலியைப் பார்த்தார்கள். விசேஷ வீட்டுக்காரி அவள்தானே. "பரவால்ல, இருக்கட்டும்" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவளுக்கோ பத்து நாளாக அந்தப் படம்தான் கண்ணுக்குள் இருந்தது: ஒரு கறையும் இல்லாமல், ஒரே நிறமாக.

"அக்கா, இந்த ஒண்ணு மட்டும் எடுத்துடட்டும். அப்புறம் உங்கள வெச்சுத் தனியா எடுக்கலாம்" என்றாள்.

"பெரிய அண்ணி பொடவைக்கு ஓட்டு போடற வயசே தாண்டிடுச்சுல்ல!" என்றாள் சத்யப்பிரியா.

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. கார்குழலியும் சிரித்தாள்.

அங்கம்மாளின் முகம் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு அவளும் சிரித்தாள். "ஆமா சத்யா, எலெக்சன் வருதுல்ல. ஓட்டு போட்டுட்டு வந்துடறேன், நீங்க எடுங்க" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினாள். படியில் புடவை தடுக்காமல் இருக்கக் கொசுவத்தை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பந்தி நடக்கும் பக்கமாகப் போனாள். சாப்பாட்டுக் கூடத்தில் கடைசி இலை எடுக்கும்வரை நின்று பரிமாறியது அவள்தான் என்று இராமதாஸ் பிறகு சொன்னான்.

'அப்புறம் தனியா' எடுப்பதாகச் சொன்ன படம் எடுக்கப்படவே இல்லை. போட்டோகிராபருக்கு அடுத்த மண்டபம் இருந்தது.

அதற்குப் பிறகு அங்கம்மாள் விசேஷங்களுக்கு வரவில்லை. சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. போன் செய்தால் "கொழலி, நல்லாருக்கியா? சுடரு சாப்புடுதா?" என்று அதே குரலில்தான் பேசினாள். ஆனால் சத்யப்பிரியாவின் புதுமனைக்கு ராஜாங்கம் மட்டும் வந்தார். "அவளுக்கு முட்டி வலி" என்றார். அடுத்த வளைகாப்புக்கும் முட்டி வலி. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எல்லாருமாகப் போவது வழக்கம். அன்றைக்கு மதாம் வீட்டில் வேலை அதிகம் என்றாள்.

"பெரிம்மா ஏன்மா வர்றதில்ல?" என்று சுடர்விழி கேட்டாள்.

"முட்டி வலியாம்."

"அன்னிக்கு நீ சிரிச்சதானே?" என்றாள் மகள். கார்குழலி அவளை அதட்டி உள்ளே அனுப்பினாள். ஆனால் அந்தக் கேள்வி முள்ளாகத் தங்கிவிட்டது. ஒரு தடவை முதலியார்பேட்டைக்குப் போய், "தப்பு என்னுதுதான்க்கா" என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். ஆடித் தள்ளுபடி வந்தது. கடையில் லீவு இல்லை. தீபாவளி வந்தது, நிற்க நேரமில்லை. அங்கம்மாள் எங்கே போய்விடப் போகிறாள், பொங்கலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை, முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒரு கூட்டத்துக்கு முன்னால் கார்குழலி பிரித்துக்கொண்டிருந்தபோது இராமதாஸ் போன் செய்தான்.

"கொழலி, அண்ணி போயிட்டாங்க."

"எங்க?"

அவன் அழுவது கேட்டது. காலையில் வேலைக்குக் கிளம்பியவள், வாசற்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கார்குழலி கையில் பாதி பிரித்த புடவை இருந்தது. அதை யார் வாங்கிக்கொண்டார்கள், படியில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை.

முதலியார்பேட்டை வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராஜாங்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துபாயிலிருந்து ஆகாஷ் போன் செய்துகொண்டே இருந்தான். அன்றைக்கு விமானம் கிடைக்கவில்லை. அடக்கத்துக்கு வந்து சேர முடியாது.

"சித்தி," என்றான். "எங்கிட்ட அம்மா போட்டோ ஒண்ணுகூட இல்ல சித்தி. பழைய போன் தொலஞ்சு போச்சு. வீடியோ கால்ல போனைக் கோணலாப் புடிப்பாங்க. நெத்தியும் மேல ஃபேனும்தான் தெரியும். நான் சிரிப்பேன். ஒரு நல்ல போட்டோ அனுப்புங்க சித்தி. நான் பாத்துக்கறேன். பேனருக்கும் அதையே குடுத்துடுங்க."

"அனுப்பறேன்டா கண்ணு" என்றாள் கார்குழலி. அதில் என்ன கஷ்டம்? குடும்பத்தில் எத்தனை விசேஷம் நடந்திருக்கிறது!

அவள் போனில் தேட ஆரம்பித்தாள். சத்யப்பிரியாவும் தேடினாள். சுடர்விழியின் விசேஷப் படங்கள் மட்டுமே முந்நூறுக்கு மேல் இருந்தன. எல்லாம் மயில்கழுத்து. ஒன்றில் ஆரத்தித் தட்டைப் பிடித்த ஒரு கை தெரிந்தது. கண்ணாடி வளையலை வைத்து அங்கம்மாளின் கை என்று கண்டுபிடித்தாள். ஒன்றில் பந்தியில் குனிந்து பரிமாறும் முதுகு. அவள் மேடையிலிருந்து இறங்கும்போது எடுத்த குடும்பப் படத்தின் ஓரத்தில், விரல் அகலத்துக்கு ஓர் அரக்குக் கரை. அவ்வளவுதான். முகம் இல்லை.

பழைய விசேஷங்களுக்குப் போனாள். கடுகு நிற வருஷம், ரோஜா நிற வருஷம், வெங்காயத் தோல் நிற வருஷம். எதிலும் அங்கம்மாள் இல்லை. "நீங்க நில்லுங்க, நான் பை பாத்துக்கறேன்" என்று அவள் எத்தனை வருஷமாகச் சொல்லிவந்தாள் என்பது அப்போதுதான் கார்குழலிக்கு உறைத்தது. அன்றைக்கு மேடையில் மட்டும் நடந்ததல்ல அது. "இதே பொடவையா?" என்று யாரோ முதல் தடவை கேட்ட நாளிலிருந்து அவள் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறாள். சுடரின் விசேஷத்தில்தான், பெரியம்மா என்ற உரிமையில், துணிந்து நடுவில் வந்து நின்றாள்.

அங்கம்மாளின் கல்யாண ஆல்பம் 'தானே' புயலில் கூரை போன அன்றே ஊறிப் பிசினாகிவிட்டது என்றார் ராஜாங்கம்.

போட்டோகிராபர் முதலில் எடுத்த அந்த ஒரு படம்! நடுவில் அங்கம்மாள் நின்ற படம்! கார்குழலி அவசரமாகப் போன் போட்டாள்.

"அந்த பங்ஷனா? மேட்ச் ஆகாததெல்லாம் அன்னிக்கே டெலிட் பண்ணிடுவோமேக்கா" என்றார் அவர்.

கடைசியில் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு இராமதாஸும் கார்குழலியும் பேனர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் காசிலிங்கம் கம்ப்யூட்டரில் அந்தத் தம்மாத்துண்டு முகத்தைப் பெரிதாக்கினார். புள்ளி புள்ளியாகக் கலங்கியது. "மூஞ்ச கொஞ்சம் சரி பண்ணிக்கலாம். கழுத்துக்குக் கீழ ஒண்ணுமில்ல. வேற ஒடம்பு வெச்சுடுவோம். எல்லாருக்கும் அப்பிடித்தான் பண்றது." திரையில் தலையில்லாத உடம்புகள் வரிசையாக வந்தன. எல்லாம் பட்டுப் புடவை, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி நகை. "எந்தப் பொடவ வெக்கட்டும்? இந்த மயில்கழுத்து நல்லா எடுப்பா இருக்கும்க்கா."

கார்குழலி வாயைப் பொத்திக்கொண்டாள். "வேணாம், வேணாம்" என்றாள். "அரக்கு. அவங்களுக்கு அரக்குதான்."

"அரக்கு ரெடியா இல்லையே. கலர மாத்திப் பாக்கறேன்" என்றார் அவர். மாற்றியது சாயம் இறங்கிய துணி மாதிரி ஒரு நிறமாக வந்தது. நேரமாகிக்கொண்டிருந்தது. இராமதாஸ் "போதும், போடுங்க" என்றான்.

தெருமுனையில் பேனர் கட்டினார்கள். ராஜாங்கம் மெதுவாக எழுந்து வந்து அண்ணாந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"மூஞ்சி அவளுது மாதிரி இருக்குது" என்றார். "ஒடம்பு யாரோடதும்மா?"

ஆகாஷுக்கு அந்தப் படத்தைத்தான் கார்குழலி அனுப்பினாள். அவனிடமிருந்து பதில் வரவில்லை.

சாயங்காலம் ஒவ்வொரு வீட்டாராகக் கோடி எடுத்து வந்தார்கள். இறந்த சுமங்கலிக்குப் புதுப் புடவை போர்த்துவது வழக்கம். செய்யாமல் இருந்தால் குறை. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று ஒன்றின் மேல் ஒன்றாக அங்கம்மாளின் மேல் ஏறிக்கொண்டே போயிற்று. பத்தொன்பது வருஷம் ஒரே பட்டைக் கட்டியவள், புடவைக்கு அடியில் காணாமல் போனாள். கார்குழலியும் ஒன்று போர்த்தினாள். போர்த்தும்போது புடவையின் முனையில் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததைப் பார்த்துக் கிள்ளி எடுத்தாள்.

"அக்காவ அந்த அரக்குப் பொடவையிலயே அனுப்பலாமா மாமா?" என்று ராஜாங்கத்திடம் கேட்டாள்.

"புதுசுதான் கட்டணும்னு பெரியவங்க சொல்றாங்கம்மா" என்றார் அவர். "அதுவும் போயிட்டா எங்கிட்ட என்ன இருக்குது? பொட்டியிலயே கெடக்கட்டும்."

அடக்கம் முடிந்து வந்து குளித்த இராமதாஸ், ஈரத் தலையோடு வாசலில் உட்கார்ந்தான். "அவ்ளோ பொடவையையும் எடுத்துக் குழி ஓரமாக் கீழ போட்டுட்டாங்க, கொழலி. நேத்து மழ பேஞ்சுதில்ல. எல்லாம் சேத்துல கெடக்குது. பாதி மடிப்புகூடப் பிரிக்கல."

அடுத்த நாள் தன் பீரோவைத் திறந்த கார்குழலி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிறம் நிறமாக அடுக்கியிருந்த புடவைகள். ஒவ்வொன்றையும் பார்த்தால் அது எந்த விசேஷம் என்று சொல்ல முடிந்தது. ஆனால் ஒன்றில்கூட ஒரு குழந்தை மூக்கைத் துடைத்த அடையாளம் இல்லை, ஒரு தையல் இல்லை, தன் உடம்பின் வாசனை இல்லை. எல்லாம் ஒரு போட்டோவுக்காகப் பிறந்து அன்றைக்கே செத்துப்போனவை.

வருஷம் திரும்பியது. ராஜாங்கத்தின் வீட்டில் பூவாடை கும்பிட ஏற்பாடு செய்தார்கள். சுமங்கலியாகப் போனவளை வீட்டுத் தெய்வமாக நினைத்து, புடவை வைத்துப் படைத்து, அந்தப் புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். ஆகாஷ் லீவில் வந்திருந்தான். இளைத்துப் போயிருந்தான்.

அதற்கும் சத்யப்பிரியா குரூப்பில் ஒரு நிறம் போட்டிருந்தாள்: இளம் ஊதா. எல்லாரும் அதில்தான் வந்தார்கள். கார்குழலி மட்டும், சுடரின் விசேஷத்துக்குக் கட்டிய மயில்கழுத்துப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு விசேஷத்துக்குக் கட்டியதை அவள் மறுபடி கட்டியது அதுதான் முதல் தடவை. சத்யப்பிரியா மேலும் கீழும் பார்த்தாள்.

படையல் இலையில் வைக்க சத்யப்பிரியா ஒரு புதுப் பட்டை நீட்டினாள். ராஜாங்கம் அதை வாங்கவில்லை. உள்ளே போய், வேட்டியில் சுற்றிய அரக்குப் புடவையை எடுத்து வந்து வைத்தார். மாதம் தவறாமல் அவரே அதைக் காத்தாட விட்டு, மடிப்பு மாற்றி வைத்திருந்தார். மடிப்புகள் கோணலாக இருந்தன.

"அண்ணே, சாமிக்குப் போயி பழசா வெக்கறது?" என்றாள் சத்யப்பிரியா.

"அவ கட்டுனது அவளுக்குப் பழசா?" என்றார் அவர்.

கற்பூரம் காட்டினார்கள். புடவையை யார் கட்டிக்கொள்வது என்று கேள்வி வந்தபோது ஒருவரும் கை நீட்டவில்லை. கார்குழலி முன்னால் வந்தாள். "எங்கிட்ட குடுங்க மாமா. எனக்குத் தகுதி இல்லதான். ஆனா குடுங்க" என்றாள்.

உள்ளறையில் அதைக் கட்டிக்கொள்ளும்போது முந்தானை அருகே விரல் எதிலோ நெருடியது. எலி கடித்த இடம். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது. அதே நூல், அதே சாயம். எப்போதோ ஒருத்தி ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பின்னியது. கார்குழலி அந்த இடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

வெளியே ஆகாஷ் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துக்கொண்டிருந்தான். "எல்லாரும் இருக்கற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கறேன். அங்க போனா எங்கிட்ட எதுவும் இல்ல" என்றான்.

ஊதா வரிசையின் நடுவில் அரக்கு வந்து நின்றது. சத்யப்பிரியா திரும்பிப் பார்த்தாள். பழக்கம் நாக்கில் இருந்தது. "அண்ணி, நீங்க மட்டும் கொஞ்சம் ஓரமா நின்னுக்கறீங்களா? கலர் தனியா..." என்று சொன்னவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லை.

"நிக்க மாட்டேன் சத்யா" என்றாள் கார்குழலி. "அன்னிக்கு அவங்கள ஓரமாப் போகச் சொன்னது நான்தான். நீ கேலி பண்ண, நான் சிரிச்சேன். ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணோம். கட்டுன துணியத் திரும்பக் கட்டறதுல ஒரு கேவலமும் இல்ல. ஒரு பொடவைய இத்தன வருஷம் கிழியாம, சாயம் போவாம காப்பாத்திக் கட்டறதுக்குப் பெரிய மனசு வேணும். அதப் பாத்துச் சிரிச்சோம் பாரு, அதான் கேவலம். போட்டோவுக்கு ஒரு பொடவ, போட்டோவுக்கு ஒரு பொடவன்னு வாங்கிப் பீரோவ ரொப்பினோம். ஒரே பொடவையில வாழ்ந்த மனுஷிய ஒரு போட்டோவுலகூட வெச்சுக்கல. இனிமே எங்க வீட்டு விசேஷத்துக்கு யார் எத வேணா கட்டிக்கினு வாங்க. இருக்கறத கட்டிக்கினு வாங்க. ஆனா வாங்க."

சத்யப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். சுடர்விழி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகாஷ் படம் எடுத்தான். எடுத்ததை விரலால் பெரிதாக்கி, பெரிதாக்கி, அரக்குப் புடவை மட்டும் திரை முழுக்க நிறையும் இடத்தில் நிறுத்தினான். ராஜாங்கம் மகனின் தோள்வழியாக எட்டிப் பார்த்தார்.

"பொடவ அவளுதுதான்" என்றார். பிறகு துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.